உருளையில் படர்ந்த கொடிக்கருக்கு

ஒன்றைப் போலவே மற்றொன்றும் அமைய வேண்டும் என்பதே சாமுவேல் கோல்ட்டின் தொழில்நெறி. 1855-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் அவர் திறந்த ஆலையில் பெரும்பகுதி வேலையை இயந்திரங்களே செய்தன. ஆயினும் அவர்தம் ரிவால்வர்களுள் இன்று சேகரிப்பாளர்கள் பெரும்பொருள் கொடுத்துத் தேடுவன, ஒன்றைப் போல் மற்றொன்று இல்லாதவற்றையே. இம்முரணைச் சற்றே நோக்குவோம்.

முதலில் ஒரு மயக்கத்தைக் களைதல் வேண்டும். கோல்ட்டின் 1851 நேவி ரிவால்வரின் உருளையில் ஒரு கடற்போர்க் காட்சி உண்டு. 1843-இல் டெக்சஸ் கடற்படை மெக்சிகோவுடன் காம்பெச்சே அருகே பொருத போர் அது. அதன் மூலத்தை வரைந்து செதுக்கியவர் ஆர்ம்ஸ்பி. ஆனால் உருளையில் ஏற்றியதோ அச்சுருளின் அழுத்தம். ஆயிரம் உருளையிலும் அதே கப்பல்கள்தாம். இது கைவேலை அன்று.

கைவேலை என்பது சிற்றுளியை உள்ளங்கையால் தள்ளியோ சிறு சுத்தியலால் தட்டியோ எஃகைக் கீறுவது. தவறிய கீறலை அழிக்க வழியில்லை. வெட்டு ஆழ்ந்தும் மெலிந்தும் செல்வதால் சுருள்கொடியில் ஒளி நெளிகிறது. நம் கோயில் தூண்களின் கொடிக்கருக்கை அறிந்தவர்க்கு இதன் சுவையை விளக்க வேண்டுவதில்லை. கொலைக்கருவிக்கு ஏன் இத்துணை எழில் என்ற வினா நமக்கும் எழாமலில்லை. கோல்ட்டுக்கு அது வாணிக உத்தி; அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் கையுறையாகக் கொடுத்து ஆணை பெறும் வழி. பொன் பதித்த இணைத் துப்பாக்கிகளுள் ஒன்றை 1854-இல் ரஷ்யப் பேரரசர் முதலாம் நிக்கோலசுக்கு அளித்தார். அது ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் உள்ளது. மற்றது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில்.

செதுக்கியவர் பெரும்பாலும் பெயர் பொறிப்பதில்லை. இங்கேதான் இடர். வெறுமையான பழந்துப்பாக்கி ஒன்றில் பிற்காலத்தான் ஒருவன் கொடி செதுக்கிப் பழமை பூசிவிட்டால், விலை பன்மடங்காகும். சுவடிப் பதிப்பில் இடைச்செருகல் என்கிறோமே, அதுவேதான். எழுத்தின் நடைகொண்டு ஏடெழுதியவனை அறிவது போல, சுருளின் வளைவும் பின்னணிப் புள்ளிகளின் செறிவும் கொண்டே செதுக்கியவனை அறிய வேண்டியுள்ளது. ஆலையின் விற்பனைப் பதிவேடு கிடைத்தால் நலம், எல்லாவற்றுக்கும் கிடைப்பதில்லை.

இதில் பெருந்துணையாவது ஒரு பழைய குறிப்பேடு. ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் தொழில் செய்த நிம்ஷ்கே, தாம் செதுக்கிய துப்பாக்கிகளின் வேலைப்பாட்டைத் தாளில் ஒற்றியெடுத்து ஒட்டி வைத்தார். கோல்ட், வின்செஸ்டர், ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என அவர் கைபடாத நிறுவனங்கள் சிலவே. அவர் 1904-இல் மறைந்தார். ஏடு 1965-இல் நூலாக வந்தது. அதன்பின்னரே, கேட்பாரற்றுக் கிடந்த துப்பாக்கிகள் பல அவர் பெயரால் அறியப்படலாயின. ஒற்றியெடுத்த படியில் இடமும் வலமும் மாறிவிடும். ஆகவே ஒப்புநோக்குவோர் துப்பாக்கியை ஒரு கையிலும் கண்ணாடியை மறுகையிலும் பிடித்து, ஒரு சுருள் எங்கே முறிந்து திரும்புகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.