உலை எண்ணெயில் வனேடியம்: கருவிக்கு முன் நடக்கும் வேலை

துவாரகா மூன்றாம் செக்டரில், நேதாஜி சுபாஷ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பழைய பெயரான என்எஸ்ஐடியைத் தாங்கிய காற்றுத் தர நிலையம் ஒன்று பிஎம் 2.5 துகளின் செறிவைத் தொடர்ந்து அளந்து வருகிறது. குளிர்காலத்தில் அந்த எண் ஏறும்போது, துகள் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. அதற்கு வனேடியமும் நிக்கலும் நல்ல தடயங்கள். கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் தங்கும் கனமான பகுதியில் இவை செறிகின்றன. உலை எண்ணெய் எரிந்தால் புகையோடு சேர்ந்தே வெளியேறுகின்றன.

டெல்லியில் ஏற்கெனவே தடைசெய்யப்பட்டிருந்த உலை எண்ணெயையும் பெட்ரோலியக் கரியான பெட்கோக்கையும் உத்தரப் பிரதேசம், ஹரியானா, ராஜஸ்தானிலும் பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் உத்தரவிட்டது. டிசம்பரில் சிமென்ட் ஆலைகளின் பெட்கோக்குக்குத் தளர்வு கிடைத்தது. விவாதம் பெரும்பாலும் கந்தகத்தைச் சுற்றியே நடந்தது. 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர அளவுகோல் நிக்கலுக்குக் கன மீட்டருக்கு 20 நானோகிராம் என்ற ஆண்டு வரம்பை வைத்திருக்கிறது. அதன் 12 மாசுகளின் பட்டியலில் வனேடியம் இல்லை. இது சரிசெய்யப்பட வேண்டிய குறை. ஆனால் வனேடியத்தைச் சாட்சியாக அழைப்பதற்கு முன், எரிபொருளில் அது எவ்வளவு என்ற எண் உறுதியாக இருக்க வேண்டும். அந்த உறுதியை, உலோகங்களை அளக்கும் ஐசிபி கருவியைவிட மாதிரி தயாரிப்பே தீர்மானிக்கிறது.

முதல் பிழை பாட்டிலிலேயே தொடங்கிவிடும். நிற்கவிட்ட உலை எண்ணெயில் நீரும் வண்டலும் அடியில் இறங்கும். மேலாக எடுத்த கால் கிராம் முழு பாட்டிலுக்கும் பேசாது. இளஞ்சூடாக்கி நன்றாகக் குலுக்கியபின்பே எடுக்க வேண்டும். நீர்க்க வைக்க ஹெப்டேனை ஊற்றினால் எண்ணெயின் கனமான கூறான அஸ்ஃபால்ட்டீன் வீழ்படிவாகி உலோகத்தையும் தன்னோடு இழுத்துச் செல்லும். அதனால்தான் ஆய்வகங்கள் சைலீனை நாடுகின்றன.

எரித்துச் சாம்பலாக்கும் பழைய வழியைப் பலர் ஒரேயடியாக ஒதுக்குகிறார்கள். அது நியாயமல்ல. ஐபி 501 முறையில் எண்ணெயை எரித்து, 550 டிகிரி செல்சியஸில் கரியைப் போக்கி, சாம்பலை லித்தியம் டெட்ராபோரேட் கலந்த இளக்கியோடு 925 டிகிரியில் உருக்குகிறார்கள். சுத்திகரிப்பு ஆலையின் வினையூக்கித் துகள்களிலிருந்து வரும் அலுமினியம், சிலிக்கானை அளக்க இது சிறந்தது. வெறும் நைட்ரிக் அமிலம் அவற்றை முழுதாகக் கரைக்காது. ஆனால் வனேடியத்தின் ஒரு பகுதி பார்ஃபைரின் மூலக்கூறுகளுக்குள் இருக்கிறது. பெட்ரோலியத்தில் பார்ஃபைரின்களைக் கண்டறிந்து பச்சையத்தோடு தொடர்புபடுத்தியவர் ஜெர்மானிய வேதியியலர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ், அது 1930களில். இவற்றில் சில சூட்டில் ஆவியாகக்கூடியவை. அவசரமாக எரித்தால் புகையோடும் தெறிப்போடும் உலோகம் போய்விடும். பாதரசமோ சாம்பலில் தங்கவே தங்காது.

ஆகவே தடயம் தேடும் ஆய்வுக்கு மூடிய கலத்தில் மைக்ரோவேவ் சிதைப்பே பொருத்தம். கால் கிராம் எண்ணெயில் அடர் நைட்ரிக் அமிலத்தை ஊற்றி, பழுப்புப் புகை அடங்கும்வரை திறந்து வைத்து, பிறகே மூடிச் சூடாக்க வேண்டும்; பொறுமையிழந்தால் அழுத்தம் எகிறும். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி விற்கும் 1634சி என்ற எரி எண்ணெய்த் தர மாதிரியில் கிலோவுக்குச் சுமார் 28 மில்லிகிராம் வனேடியம் உண்டு. அதில் கால் கிராமைச் சிதைத்து 50 மில்லிலிட்டராக்கினால் லிட்டருக்கு 0.14 மில்லிகிராம் வரும். ஒளியை வைத்து அளக்கும் சாதாரண ஐசிபி-ஓஇஎஸ் கருவிக்கே அது எளிது. கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் ஆர்சனிக் என்றால் அதே கரைசலில் லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம்தான். அங்கே அமிலத்தின் தூய்மையும் கலத்தைக் கழுவிய விதமும் முடிவையே மாற்றிவிடும். எண்ணெய் சேர்க்காத வெற்று மாதிரியின் அளவைத் தராத அறிக்கையை ஏற்பதற்கில்லை.

கலத்தில் ஊற்றும் அமிலத்தின் தேர்விலும் கவனம் வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்தால், அயனியின் நிறையை வைத்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் குளோரினும் ஆக்சிஜனும் இணைந்த அயனி நிறை எண் 51இல் வந்து நிற்கும். வனேடியத்தின் எண்ணும் அதுவே. இல்லாத வனேடியம் இருப்பதாகத் தெரியும்.

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதியபின் கரையில் வாளிகளால் அள்ளப்பட்ட எண்ணெய்க் கசடு போன்ற மாதிரியில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. கடல்நீர் உப்பே குளோரினைக் கொண்டுவரும். மணலுக்குச் சொந்தமாகவே வனேடியம் இருக்கும். மணலைப் பிரிக்க டைகுளோரோமீத்தேனில் எண்ணெயைக் கரைத்து வடிகட்டினால், அந்தக் கரைப்பான் முழுக்க ஆவியானபின்பே அமிலத்தை ஊற்ற வேண்டும். துவாரகாவில் காற்றுத் துகளைச் சேகரிக்கும் வடிதாளிலும் மண்தூசி இதே வேலையைச் செய்கிறது. அங்கே அலுமினியத்தையும் சேர்த்து அளந்து, மண்ணின் பங்கைக் கழித்தபின் மிஞ்சும் வனேடியத்துக்கும் நிக்கலுக்கும் உள்ள விகிதத்தைத்தான் எரிபொருளின் வனேடியம்–நிக்கல் விகிதத்தோடு ஒப்பிட முடியும்.