நெரிசலும் நெறியும்

வரலாறு என்றவுடன் மன்னரும் போர்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆரவாரமின்றி உலகின் போக்கை மாற்றிய நிகழ்ச்சிகளும் வரலாற்றில் உண்டு. அவற்றுள் ஒன்றை ஈண்டு நோக்குவாம்.

இணையத்திற் செல்லும் செய்தி சிறு சிறு பொதிகளாகப் பிரிந்தே செல்லும். பொதி கிடைத்ததும் பெற்ற கணினி ஒப்புதல் விடுக்கும். ஒப்புதல் வாராவிடின் அப்பொதி மீண்டும் அனுப்பப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அதனுள் ஓர் ஆபத்தும் மறைந்திருந்தது. 1984 இல் ஜோன் நேகிள் என்பார் அதனைச் சுட்டி எச்சரித்தார்.

அவ்வெச்சரிக்கை 1986 ஒக்ரோபரில் மெய்யாயிற்று. கலிபோர்ணியாவில் லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 400 யார். அவற்றிடையே செக்கனுக்கு 32,000 பிற் வீதம் சென்ற தரவு 40 பிற்றாகச் சுருங்கியது. காரணம் யாது? நெரிசலிற் பொதிகள் தொலைந்தன, ஒப்புதல் காணாத கணினிகள் அவற்றையே மீளமீள அனுப்பின, நெரிசல் பன்மடங்காயிற்று. ஒடுங்கிய வாயிலில் எல்லோரும் முந்த முயன்றால் எவரும் உட்புகார் அன்றோ?

வான் ஜேக்கப்சன், மைக்கேல் கரெல்ஸ் ஆகிய இருவரும் இதற்கு மருந்து கண்டு 1988 இல் வெளியிட்டனர். அவர்கள் பாதையை அகலமாக்கவில்லை. அனுப்பும் கணினிக்கு அடக்கத்தைக் கற்பித்தனர். மெல்லத் தொடங்க வேண்டும். ஒப்புதல் வர வர அளவைக் கூட்ட வேண்டும். பொதி தொலைந்தால் அதனை நெரிசலின் அறிகுறியெனக் கொண்டு உடனே குறைத்துக்கொள்ள வேண்டும். இவையே அவ்விதிகள்.

இன்று பெரும் நிறுவனங்களின் தரவு நிலையங்கள் பல கண்டங்களிற் பரந்துள்ளன. ஒன்று பழுதுற்றாலும் தகவல் அழியாதிருக்க, பிரதிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றவண்ணம் உள்ளன. இத்தகைய நெடும்பாதைகளைப் பழுதுக்கு அஞ்சி நூற்றுக்கு 30 முதல் 40 பங்கே பயன்படுத்துவது வழக்கமாயிருந்தது. கூகிள் நிறுவனமோ பீ4 என்னும் தன் வலையமைப்பில் சராசரி 70 பங்கு பயன்படுத்தியதாக 2013 இல் அறிவித்தது. அங்கே பொதுவான கட்டுப்பாட்டு அமைப்பொன்று பாதைகளைப் பங்கிடுகிறது. மக்களின் சொந்தத் தரவுகளின் பிரதிகளுக்கு முதலிடம். அவசரமற்ற பெருந்தொகுதிகள் இடர் நேருங்கால் ஒதுங்கி வழிவிடும்.

ஆகவே, தனியடக்கமும் பொது ஒழுங்கும் சேர்ந்தே இப்பெருவலையைக் காத்து நிற்கின்றன. பலர் கூடி இயங்கும் சங்கங்களுக்கும் இது பொருந்தும் என்பது எம் துணிபு. பாதையை விரிக்கப் பெரும்பொருள் வேண்டும். பிறர்க்கு வழிவிட மனம் ஒன்றே போதும்.