வான்கோழி: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் பண்டிகைக் கறியும் மறுநாள் சமையலும்

வான்கோழி அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட பெரிய வளர்ப்புப் பறவை. மேலைநாடுகளில் பண்டிகை விருந்தின் முதன்மை உணவாக இருப்பது. தமிழ்நாட்டில் தீபாவளி, கிறிஸ்துமஸ் காலங்களில் இதன் இறைச்சியை விரும்பி வாங்குவோர் உண்டு. நன்கு வளர்ந்த சேவல் பொதுவாக 7, 8 கிலோ வரையும், பெட்டை 5 கிலோ அளவிலும் எடை இருக்கும். ஒரு குடும்பம் ஒரே நாளில் உண்டு முடிக்க முடியாத பறவை இது. ஆகவே இதைச் சமைத்த இடங்களில் எல்லாம் பகிர்ந்து கொள்வதும், மீந்ததை மறுநாளுக்கு ஆக்குவதும் சமையலின் ஒரு பகுதியாகவே இருந்து வந்துள்ளன. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இந்த இரண்டு வழக்கங்களும் வான்கோழி வருவதற்கு முன்பே ஊன்றியிருந்தவை.

பெயரும் வருகையும்

மெக்சிகோ பகுதி மக்கள் சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன்பே வான்கோழியைப் பழக்கி வளர்த்தனர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். அது எங்கிருந்து வந்தது என்பதில் அங்கே பெருங்குழப்பம் நிலவியது. ஆங்கிலேயர் துருக்கி நாட்டின் பெயரால் அதை அழைத்தனர். துருக்கியரோ ‘ஹிந்தி’, அதாவது இந்தியாவினது, என்றனர். பிரெஞ்சுச் சொல்லான ‘தேந்த்’ என்பதற்கும் ‘இந்தியாவிலிருந்து வந்தது’ என்பதே பொருள். டச்சுக்காரர் கோழிக்கோட்டின் பெயரை ஒட்டி ‘கல்கூன்’ என்றனர். இந்தியாவில் பிறக்காத பறவைக்கு இத்தனை மொழிகளில் இந்தியாவின் பெயர் ஒட்டிக்கொண்டது.

உண்மையில் இந்தியாவுக்கு அது கடல் வழியே வந்தது. 1612இல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அலுவலர் முகர்ரப் கான் கோவாவிலிருந்து வாங்கி வந்த அரிய பொருள்களுள் வான்கோழியும் ஒன்று. அதன் தலையும் கழுத்தும் நிறம் மாறுவதை வியந்து ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூர் அதை வரைந்தார். அந்த ஓவியம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

தமிழ் மாணவர்களுக்கு வான்கோழி முதலில் அறிமுகமாவது மூதுரை வழியாக. மயிலைப் பார்த்துத் தானும் ஆட முயலும் பறவையாக அங்கே அது வருகிறது. அமெரிக்கப் பறவை 1492க்கு முன் இங்கு வந்திருக்க வழியில்லை. எனவே அப்பாடல் குறிக்கும் பறவை எது, அப்பாடலின் காலம் எது என்ற இரு கேள்விகளும் ஒன்றோடு ஒன்று பிணைந்தவை.

வட்டாரப் பின்னணி

பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து 1995இல் பெரம்பலூர் மாவட்டம் பிரிக்கப்பட்டது. அதிலிருந்து 2001இல் அரியலூர் மாவட்டம் உருவாகி, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமானது. தெற்கே கொள்ளிடக் கரை நீங்கலாகப் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. வரகும் சோளமும் கம்பும் விளைந்த இந்நிலத்தில் இன்று மக்காச்சோளமும் பருத்தியும் மிகுதி. செட்டிகுளம் பகுதி சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது.

மக்காச்சோளம் கோழித்தீவனத்தின் முதன்மைப் பொருள். அதுவும் மிளகாயும் வான்கோழியைப் போலவே மெக்சிகோ பகுதியிலிருந்து வந்தவை. மூன்றும் உலகைச் சுற்றி வந்து, இவ்வட்டாரத்தில் ஒரே வீட்டுக் கொல்லையிலும் அடுப்பிலும் சந்திக்கின்றன.

கூறுக்கறி

புன்செய் நிலத்துக் குடும்பங்களுக்குக் கறி அன்றாட உணவாக இருந்ததில்லை. தீபாவளி, பொங்கலை அடுத்த கரிநாள், ஊர்த் தெய்வத் திருவிழா, மகளுக்கும் மருமகனுக்கும் விருந்து என்று நாள் பார்த்தே அடுப்பில் கறி ஏறியது. அப்போதும் ஒரு வீட்டார் முழு ஆட்டை வாங்குவது அரிது. சில வீட்டார் சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி அறுத்து, எலும்பு, ஈரல், கொழுப்பு என எல்லாம் ஒவ்வொரு பங்கிலும் வரும்படி பிரித்துக் கொண்டனர். இதற்குக் கூறு போடுதல் என்று பெயர். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் ஒரு விலங்கின் இறைச்சி கெடாமல் அன்றே பல வீடுகளுக்குப் போய்ச் சேர இதுவே வழி.

வான்கோழியும் இந்த ஏற்பாட்டில் எளிதாகப் பொருந்தியது. ஆட்டைவிடச் சிறியது, நாட்டுக்கோழியைவிடப் பல மடங்கு பெரியது. இரண்டு மூன்று வீட்டார் பங்கிட்டுக் கொள்ள ஏற்ற அளவு.

கிறிஸ்துமஸ் விருந்து

அரியலூர் மாவட்டத்தின் கிறிஸ்தவ மரபு பழமையானது. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சி வீரமாமுனிவர் (1680–1747) பணியாற்றிய ஊர். அவர் அதைத் திருக்காவலூர் என்று அழைத்தார். அங்குள்ள அடைக்கல மாதா ஆலயம் இன்றும் பலர் நாடி வரும் திருத்தலம். வரதராசன்பேட்டை, தென்னூர் ஆகியவையும் கிறிஸ்தவர் மிகுந்த ஊர்கள்.

ஆனால் கிறிஸ்துமஸ் என்றால் வான்கோழி என்ற எண்ணம் இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்கும் நெடுங்காலம் வாத்தே சாதாரண மக்களின் கிறிஸ்துமஸ் பறவை. சார்லஸ் டிக்கன்ஸ் 1843இல் எழுதிய ‘கிறிஸ்துமஸ் கரோல்’ கதையின் முடிவில் கஞ்சன் ஸ்க்ரூஜ் தன் எழுத்தர் வீட்டுக்குப் பெரிய வான்கோழியை அனுப்புகிறான். அந்தக் காலத்தில் அது வசதி படைத்தோரின் உணவு. அப்பழக்கம் ஆங்கிலேயரோடு இந்தியாவுக்கு வந்தது. தமிழ்க் கிராமத்துக் கிறிஸ்தவர் வீடுகளிலோ கோழிக் குழம்பும் ஆட்டுக்கறியுமே பண்டிகை உணவு.

முழுப் பறவையை வறுத்தெடுக்க அடைப்பு அடுப்பு வேண்டும். கிராமத்து வீடுகளில் அது கிடையாது. எனவே துண்டு போட்டுக் குழம்பு வைப்பதும் வறுவல் செய்வதுமே வழக்கமாயின. இது குறையன்று. மெக்சிகோவின் பழங்குடி மக்களும் வான்கோழியை மிளகாய்ச் சாற்றிலேயே சமைத்தனர். அந்நாட்டின் புகழ்பெற்ற ‘மோலே’ குழம்பு அவ்வழி வந்தது. இவ்வகையில் தமிழ்நாட்டு வான்கோழிக் குழம்பு, ஆங்கிலேயர் வறுவலைவிடப் பறவையின் தாயகத்துச் சமையலுக்கு நெருக்கமானது.

வளர்ப்பு

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழியின ஆராய்ச்சி நிலையம், கறுப்பு நாட்டு வகையையும் வெளிநாட்டுச் சிறிய வெள்ளை வகையையும் கலந்து ‘நந்தனம் வான்கோழி-1’ என்ற வகையை உருவாக்கியது. இது தமிழ்நாட்டுத் தட்பவெப்பத்துக்கு ஏற்றது.

கோழி முட்டை பொரிக்க 21 நாள். வான்கோழி முட்டைக்கு 28 நாள். முதல் சில நாள் குஞ்சுகள் தாமாக இரை தேடித் தின்னாமல் பட்டினியால் இறப்பதே வளர்ப்போர் சந்திக்கும் பெரிய இழப்பு. இதைத் தடுக்க முதல் 15 நாள் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மி.லி. பால் கலந்து கொடுக்கவும், 10 குஞ்சுகளுக்கு ஒரு வேகவைத்த முட்டை வீதம் ஊட்டவும் பரிந்துரைக்கப்படுகிறது. வளர்ந்தபின் மேய்ச்சலில் புல், கீரை, பூச்சி, சிந்திய தானியம் ஆகியவற்றைத் தின்று தீவனச் செலவைக் குறைக்கும். கிராமங்களில் கோழி வளர்த்து வரும் காசு பெரும்பாலும் பெண்களின் சிறுவாடு. பண்டிகைக்கு முன் விற்கும் வான்கோழியும் அதில் சேரும்.

சமைக்கும் முறை

சுடுநீரில் நனைத்து இறகு பறித்தபின், மஞ்சள் தடவித் தீயில் வாட்டுவர். நுண்ணிய மயிர் கருகி நீங்கும். பிறகு துண்டு போடுவர். தொடை, கழுத்து, இறக்கைப் பகுதிகள் குழம்புக்கு ஏற்றவை. நெஞ்சுக்கறியில் கொழுப்பு குறைவு. அதிக நேரம் அடுப்பில் இருந்தால் வறண்டு நாராகும். ஆகவே அதை வறுவலுக்கோ கோலா உருண்டைக்கோ பிரியாணிக்கோ தனியே எடுத்து வைப்பது நல்லது. முற்றிய சேவலின் கறி வேக நேரமாகும். சிறிய பப்பாளிக்காய்த் துண்டைச் சேர்த்தால் மெதுவாகும். கடலை எண்ணெயில் சின்ன வெங்காயத்தை வதக்கி, மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், சோம்பு, தேங்காய் அரைத்துச் சேர்ப்பது பொதுவான பக்குவம்.

மறுநாள் சமையல்

மீந்ததைப் பயன்படுத்தும் முறைகளை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, சுண்டக்குழம்பு. மீந்த குழம்பை மறுபடி கொதிக்கவைத்து நீர் வற்றச் சுண்டவைப்பது. மறுநாள் காலை இட்லிக்கும் பழைய சோற்றுக்கும் இதற்கு நிகர் இல்லை என்பது பலரின் கருத்து.

இரண்டாவது, எலும்புச் சாறு. கறி நீக்கிய எலும்பை மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டு ரசமாக்குவது. சென்னை மாகாண ஆங்கிலேயர் ‘மிளகுத்தண்ணீர்’ என்ற தமிழ்ச் சொல்லைத் தம் மொழிக்குக் கொண்டு சென்று, இறைச்சி சேர்த்த சூப்புக்குப் பெயராக்கினர்.

மூன்றாவது, உதிர்த்த கறி. வெந்த நெஞ்சுக்கறியைப் பிய்த்து, வெங்காயம், பச்சைமிளகாய், முட்டை சேர்த்துப் பொடிமாஸ் ஆக்குவது. பண்டிகையில் மீந்த வறுத்த இறைச்சியை மிளகாய், வெங்காயத்தோடு வதக்கும் ஆங்கிலோ-இந்தியரின் ‘ஜால்ஃப்ரேசி’யும் இதே வகை.

நான்காவது, உப்புக்கண்டம். இது சமைத்த கறியில் செய்வதன்று. கூறு போட்ட அன்றே, சமைக்காமல் மிகுந்த பச்சைக் கறியை மெல்லிய கீற்றாக அரிந்து, உப்பு, மஞ்சள், மிளகாய் தடவி, நூலில் கோத்துச் சுள்ளென்ற வெயிலில் காயவைப்பது. ஈரம் வற்றுவதால் நாள்பட இருக்கும். ஆட்டுக்கறிக்கே உரிய இம்முறை, கொழுப்பு குறைந்த வான்கோழி நெஞ்சுக்கறிக்கும் பொருந்தும். ஆனால் கிறிஸ்துமஸ் காலம் மழையும் பனியுமாக இருக்கும் என்பதால் வெயில் பார்த்தே செய்ய வேண்டும்.

கெடாமல் காத்தல்

காலையும் மாலையும் குழம்பைக் கொதிக்கவைத்து வைப்பது பழைய முறை. புளியும் உப்பும் அதற்குத் துணை. ஆனால் இது முழுப் பாதுகாப்பு அன்று. சில பாக்டீரியாக்களின் விதைமூலங்கள் கொதிநீரிலும் அழியாமல் இருந்து, பெரிய பானை மெதுவாக ஆறும்போது பெருகும். சில வகை நச்சுகள் மறுபடி கொதிக்கவைத்தாலும் நீங்கா. எனவே மீந்த கறியைச் சிறிய, ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து, 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, 3, 4 நாளுக்குள் முடிக்க வேண்டும். தேவையானதை மட்டும் எடுத்து, ஆவி பறக்கும் வரை சூடாக்க வேண்டும். கோழியினக் கறி எதுவாயினும் உள்ளே 74 பாகை செல்சியஸ் எட்டினால்தான் வெந்ததாகும்.

இன்றைய நிலை

தமிழ்நாட்டின் பல ஊர்களில் வான்கோழி பிரியாணி உணவகங்களில் கிடைக்கிறது. கறிக்கடையில் கால் கிலோவும் வாங்கலாம். இதனால் கூறு போடும் தேவை குறைந்தது. மீந்ததைக் குளிர்பதனப் பெட்டி ஏற்றுக்கொள்கிறது. ஆயினும் முழு வான்கோழியை அறுக்கும் வீடுகளில் பழைய முறை தொடர்கிறது. அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே, அண்டை வீட்டுக்கு எவ்வளவு, பெண் கொடுத்த வீட்டுக்கு எவ்வளவு, மறுநாள் குழம்புக்கு எவ்வளவு என்று பங்கு பிரிக்கப்பட்டுவிடுகிறது.