குடலிறக்கம் போலத் தோன்றும் கவட்டைச் சிரை வீக்கங்கள்

கவட்டையில் புடைக்கும் கட்டி எல்லாம் குடலிறக்கம் (ஹெர்னியா) அல்ல. அங்குள்ள சிரை விரிந்தாலும் கட்டி நின்றால் தெரியும், படுத்தால் மறையும், இருமினால் துடிக்கும். இம்மூன்றும் இரண்டுக்கும் பொது.

பெரிதும் ஏமாற்றுவது சஃபீனா வேரிக்ஸ். காலின் உட்புறமாக மேலேறும் பெரிய சஃபீனஸ் சிரை, தொடைச் சிரையோடு சேரும் இடத்தில் ஒரு வால்வு உண்டு. அது பழுதானால் இரத்தம் கீழ்நோக்கித் திரும்பி, சிரை அங்கேயே உப்பிவிடும். இடுப்பு முன்னெலும்பின் முடிச்சுக்குச் சுமார் 4 செ.மீ. கீழே, சற்று வெளிப்புறமாக இது தோன்றும். தொடைக் குடலிறக்கம் வருவதும் ஏறக்குறைய அங்கேதான். ஆனால் வேரிக்ஸ் மெத்தென்றிருக்கும், சிலருக்கு நீலம் பாரித்திருக்கும். படுத்த மாத்திரத்தில் வற்றிவிடும். இருமச் சொல்லி விரல் வைத்தால் நீரோட்டம் போன்ற அதிர்வு தெரியும். அதே காலில் பெரும்பாலும் நரம்பு சுருட்டலும் இருக்கும். ஆகவே நோயாளியைப் படுக்க வைத்து மட்டும் பார்ப்பது போதாது. நிற்க வைத்து, கால் முழுவதையும் பார்த்தாக வேண்டும்.

கர்ப்பிணிகளிடம் இன்னும் கவனம் தேவை. கருப்பையைத் தாங்கும் வட்டத் தசைநார் கவட்டைக் கால்வாய் வழியாகச் செல்கிறது. புரோஜெஸ்டிரோன் சிரைச் சுவரைத் தளர்த்த, வளரும் கருப்பை அழுத்த, அந்தத் தசைநாரைச் சூழ்ந்த சிரைகள் புடைக்கின்றன. ‘குடல் இறங்கிவிட்டது’ என்று வீட்டார் பதறுவார்கள். இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் குடலோ கொழுப்போ தென்படாது. இரத்தம் ஓடும் சிரைக்கொத்துதான் தெரியும். பிரசவத்துக்குப் பின் இது பெரும்பாலும் தானே வடிந்துவிடும். ஸ்கேன் எடுக்காமல் ஒரு தாயை அறுவை மேசைக்கு அனுப்புவது சரியல்ல.

ஆண்களிடம் இப்படி மயக்கக்கூடியது விதைப்பைச் சிரை வீக்கமான வேரிகோசீல்; அது இடப்பக்கமே மிகுதி. இடது விதைச் சிரை சிறுநீரகச் சிரையில் செங்கோணத்தில் போய்ச் சேருவது அதற்கு ஒரு காரணம். வெளி இடுப்புச் சிரை, தொடைச் சிரை ஆகியவற்றின் அனூரிசமும் (சிரைச் சுவர் பலூன்போல் உப்புவது) கவட்டைக் கட்டியாகத் தெரியலாம்; ஆனால் அது மிக அரிது.

பெங்களூரை எடுத்துக்கொண்டால், இக்கட்டிகளை முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பொது அறுவை மருத்துவர்களே. 1900-இல் திறக்கப்பட்ட விக்டோரியா போன்ற அரசு மருத்துவமனைகள் ஒருபுறம். இரத்தக்குழாய் நோய்களுக்கென்றே பகவான் மகாவீர் ஜெயின் மருத்துவமனையில் இயங்கும் ஜெயின் வாஸ்குலர் நிறுவனம் மறுபுறம். டாப்ளர் இன்று இந்நகரில் எட்டாத வசதி அல்ல. அதைத் தவிர்த்துத் தவறாகக் கணித்தால் இருபுறமும் ஆபத்து: குடலிறக்கம் என்றெண்ணி வேரிக்ஸில் கத்தி வைத்தால் இரத்தம் பீறிடும். வேரிக்ஸ் என்றெண்ணித் தொடைக் குடலிறக்கத்தை விட்டுவைத்தால் குடல் நெரிந்து அழுகக்கூடும்.

சஃபீனா வேரிக்ஸுக்கு, பழுதான சிரையை லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் அடைப்பதோ, தொடைச் சிரையோடு சேருமிடத்தில் முடிச்சிட்டு அகற்றுவதோ சிகிச்சை. வேரிக்ஸுக்குள் இரத்தம் உறைந்துவிட்டால் கட்டி இறுகி வலிக்கும், படுத்தாலும் மறையாது. நெரிந்த குடலிறக்கமும் அப்படியே இருக்கும் என்பதால், அந்நிலையில் உடனடியாக மருத்துவமனைக்குச் சென்று ஸ்கேன் எடுக்க வேண்டும்.