ஆறும் உடம்பு: எல்லைக் கிராமங்கள் கண்ட மருத்துவ வரலாறு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையும், அதனை அடுத்துப் பாறசாலையும், அதற்கப்பால் களியக்காவிளையும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே இன்று ஒரு மாநில எல்லை உண்டு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, பழைய திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. பாறசாலையை உள்ளிட்ட நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி, பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவுகளையோ, நோயுற்ற காலத்தில் மக்கள் நாடிச் சென்ற வழிகளையோ பிரிக்கவில்லை. அந்த வழிகளில் ஒன்றைத் தொடர்ந்து சென்று பார்ப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

சிதைந்துபோன தசையையும் எலும்பையும் தோலையும் உடம்பு தானே மீண்டும் ஆக்கிக்கொள்ளுமாறு துணைபுரியும் முறையினை இன்றைய விஞ்ஞானிகள் மீளாக்க மருத்துவம் என்கின்றனர். பெயர் புதிது, ஆயினும் பொருள் நம் மொழிக்கு முற்றிலும் புதிதன்று. புண் ஆறிற்று என்கிறோம். எலும்பு கூடிற்று என்கிறோம். 'வைத்தியர் புண்ணை ஆக்கினார்' என்று எவரும் சொல்வதில்லை. ஆறுவது புண்ணின் வேலை, கூடுவது எலும்பின் வேலை என்பதனை நம் பேச்சுவழக்கே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

உடம்பின் எல்லா உறுப்புகளும் இவ்வாற்றலைச் சமமாகப் பெற்றிருக்கவில்லை. இரத்தத்தின் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்ந்து மறைகிறது. எலும்பு மச்சை அதனிடத்திற்குப் புதியதை அனுப்புகிறது. இரைப்பையின் உட்சவ்வு சில நாட்களிலும், மேற்றோல் சுமார் ஒரு திங்களிலும் தம்மைப் புதுப்பித்துக்கொள்கின்றன. கல்லீரலின் பெரும் பகுதியை அறுத்தெடுத்தாலும் எஞ்சியது வளர்ந்து ஈடுசெய்கிறது. கை கால்களுக்குச் செல்லும் நரம்பு அறுபட்டால், நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டர் என்னும் அளவில் மெல்ல மெல்ல வளர்கிறது. ஆனால் முதுகுத்தண்டின் நரம்பு அறுபட்டால் அவ்வாறு வளர்வதில்லை. மாரடைப்பில் இறந்த இதயத்தசையும் தழும்பாகிவிடுகிறதேயன்றி மீண்டும் தசையாவதில்லை. பல்லிக்கு வால் முளைப்பதுபோல் மனிதனுக்குக் கை முளைப்பதில்லை. தானே ஆறுவதற்குத் துணைநிற்பதும், ஆறாததை ஆற்ற வழிதேடுவதுமே மீளாக்க மருத்துவத்தின் இரு பணிகளாகும்.

முதற்பணியை எல்லைப்புறத்து ஆசான்மார் நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கின்றனர். விளவங்கோடு, கல்குளம், நெய்யாற்றின்கரைப் பகுதிகளில் களரியும் வைத்தியமும் ஒரே ஆசானிடம் பயிலப்பட்டன. சிலம்பமும் அடிமுறையும் கற்பித்தவரே, அடிபட்டவனுக்கு எண்ணெய் தடவி, தடவல்முறை செய்து, முறிந்த எலும்புக்குக் கட்டும் கட்டினார். வர்மங்கள் 108 என்பது இவர்களது கணக்கு. படுவர்மம் 12, தொடுவர்மம் 96. வடமொழியில் சுசுருதர் பெயரால் வழங்கும் நூலோ 107 மர்மங்களைக் கூறுகிறது. தென் திருவிதாங்கூரின் வர்மச் சுவடிகள் பெரிதும் தமிழிலேயே எழுதப்பட்டவை. அகத்தியர் பெயரால் வழங்குபவை பல. எனவே, மலையாளம் பேசும் ஆசானும் தம் தொழிலுக்குத் தமிழ்ச் செய்யுளைப் பயின்றார். மாநில எல்லை இந்த ஏடுகளின் நடுவே செல்லவில்லை என்பதனை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

எலும்பு கூடுவது எவ்வாறு? முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கட்டுகிறது. இரண்டு மூன்று வாரங்களில் அவ்விடத்தில் குருத்தெலும்பு போன்ற மென்மையான இணைப்பு தோன்றுகிறது. பின்னர் அதில் சுண்ணச்சத்து படிந்து, ஏறக்குறைய 6 முதல் 12 வாரங்களுக்குள் கெட்டியாகிறது. அதன்பின்னும் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில், எலும்பு தன் பழைய வடிவுக்கு ஏற்பத் தன்னைச் செதுக்கிக்கொள்கிறது. வேறு பல உறுப்புகள் தழும்பினால் ஆறுகின்றன; எலும்பு எலும்பினாலேயே ஆறுகிறது. மூங்கில் சிம்பை வைத்துத் துணியால் கட்டிய ஆசான், முனைகளை நேராக நிறுத்தி அசையாமல் வைத்தார். எஞ்சியதை உடம்பு செய்துகொண்டது. மிளகுக் கொடிக்கு மரத்தைக் காட்டுவது தோட்டக்காரன் வேலை. ஏறுவது கொடியின் வேலை. ஆசானின் சிம்பும் அத்தகையதொரு கொழுகொம்பே.

ஆயினும், மரபு என்பதற்காகக் குறைகளை மறைத்தல் தகாது. கட்டு மிகவும் இறுகினால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கையோ காலோ அழுகிப்போகும். எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த முறிவில் கிருமி புகும். இத்தகைய நோயாளிகள் காலங்கடந்து மருத்துவமனைக்கு வந்து, உறுப்பையே இழந்த நிகழ்ச்சிகள் இந்தியாவின் பல பகுதிகளிலும் பதிவாகியுள்ளன. விரல்நுனி நீலம் பாய்தல், மரத்துப்போதல், பொறுக்கவொண்ணாத வலி ஆகியவை தோன்றின், கட்டை அவிழ்த்து உடனே மருத்துவமனைக்குச் செல்லுதலே அறிவுடைமை.

தோல் ஆறும் வகையை அறிய, பாறசாலைப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தைப் பார்த்தாலே போதும். பால் வெட்டுபவர் மரத்தின் பட்டையை நாள்தோறும் மெல்லச் சீவுகிறார். கட்டைக்கு மேலுள்ள மெல்லிய வளர்படலத்தை மட்டும், ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவிட்டுக் காத்துக்கொள்கிறார். அப்படலம் பழுதுபடாதவரை, வெட்டிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை மூடிக்கொள்கிறது. கை தவறிக் கட்டையைத் தொட்டுவிட்டால் அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிறது. மனிதத் தோலும் இவ்வாறே. தீப்புண் மேலோட்டமாயின், உள்ளே மயிர்க்கால்களில் எஞ்சியிருக்கும் உயிரணுக்கள் பெருகிப் புதுத்தோல் ஆகின்றன. முழு ஆழமும் வெந்துவிட்டால் முளைப்பதற்கு விதை இல்லை. வேறிடத்துத் தோலைக் கொண்டுவந்து ஒட்டவேண்டும். நெற்றித் தோலைக் காம்பு அறாமல் திருப்பி மூக்கு அமைக்கும் நம் நாட்டு முறையைப் பற்றி 1794-இல் இலண்டன் இதழொன்று படத்துடன் வெளியிட்டது. அதனைக் கண்டே ஐரோப்பிய வைத்தியர்கள் அம்முறையை மேற்கொண்டனர். தோலணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பரப்பும் வழியை 1975-இல் அமெரிக்காவில் ஹோவர்டு கிரீன் என்பார் கண்டறிந்தார்.

இனி, எல்லைக்கு இப்பால் உள்ள நெய்யூருக்கு வருவோம். இலண்டன் மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-இல் அவ்வூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். பின்னாளில் தென் திருவிதாங்கூர் முழுவதும் பெயர்பெற்ற மருத்துவமனையாக அது வளர்ந்தது. அங்கு வந்த அறுவை நிபுணருள் தியோடர் ஹோவர்டு சாமர்வெல் குறிப்பிடத்தக்கவர். 1922-இல் எவரெஸ்டு மலையேற்றத்துக்கு வந்த அவர், திரும்பும் வழியில் நெய்யூரைக் கண்டு, அங்கேயே பணிபுரிவதென முடிவுசெய்தார். 1924-இல் மீண்டும் எவரெஸ்டில் ஏறி, ஏறக்குறைய 28,000 அடி உயரம்வரை சென்று இறங்குகையில், கடுங்குளிரால் அவரது தொண்டையின் உட்சவ்வு உறைந்து உரிந்து மூச்சை அடைத்தது. சாகும் தறுவாயில் தம் மார்பைத் தாமே அழுத்தி, அடைத்ததை வெளியே தள்ளி உயிர்பிழைத்தார். உரிந்த இடத்தை உடம்பு மீண்டும் மூடிக்கொண்டது. அதன்பின் ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து 1975-இல் அவர் மறைந்தார்.

நெய்யூரில் சாமர்வெல் செய்த அறுவைகளுள் பெருந்தொகையானவை இரைப்பைக்கும் முன்சிறுகுடலுக்கும் உரியவை. குடற்புண் இப்பகுதி ஏழைமக்களை வாட்டிய நோய். சில நாட்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் உட்சவ்வில் புண் ஆண்டுக்கணக்கில் ஆறாதிருப்பது ஏன் என்பது அக்காலத்தில் விளங்காத புதிராகவே இருந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியைக் கண்டறிந்தபோது விடை கிடைத்தது. பெரும்பாலான குடற்புண்களில் அக்கிருமியே ஆறவிடாமல் தடுத்திருக்கிறது. இன்று இரண்டு வார மருந்தில் கிருமியை ஒழித்தால், கத்தியின்றியே புண் ஆறுகிறது. தடையை நீக்குவதும் மீளாக்கத்துக்குத் துணைபுரிவதே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாவதாக நாம் காணவேண்டிய இடம் நெய்யாற்றின்கரைக்கு வடக்கே, இருபது கிலோமீட்டர் அளவில் உள்ள திருவனந்தபுரம். அங்கு 1973-இல் திருவிதாங்கூர் அரச குடும்பம் வழங்கிய கட்டடத்தில் உருவானதே ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம். 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. பூஜப்புரையில், மகாராணி சேது லட்சுமி பாயி வாழ்ந்த அரண்மனையில் அதன் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு அமைந்தது. முதல் இயக்குநர் டாக்டர் எம். எஸ். வலியத்தான் செயற்கை இதயவால்வு ஒன்றை இந்நாட்டிலேயே செய்ய முனைந்தார். மூன்று வடிவங்கள் சோதனையில் தோற்றன, நான்காவது வென்றது. 1990 டிசம்பர் 6-ஆம் நாள் அது முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. சென்னை டி.டி.கே. நிறுவனத்தார் உற்பத்தி செய்த அந்த வால்வு, பின்னர் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் உயிர்காத்தது.

வால்வு ஒரு மாற்று உறுப்பு. அது தேயுமேயன்றி வளராது. அந்நிறுவனத்தின் பிற்கால ஆராய்ச்சிகள், உடம்பே வளர்ந்து நிரப்பிக்கொள்ளத்தக்க சட்டங்களை நாடின. எலும்பின் தாதுப்பொருளையே செயற்கையாக ஆக்கி, எலும்புக் குழிகளில் இடும் பொருள்கள் அங்கு உருவாயின. டாக்டர் டி. வி. அனில்குமார் குழுவினர் பன்றியின் பித்தப்பையை எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களை எல்லாம் நீக்கி, எஞ்சிய நார்ச்சட்டத்தை மெல்லிய தகடாக்கினர். குடித்தனக்காரர் வெளியேறிய பின்னும் தூணும் சுவரும் நிற்கும் வீட்டைப் போன்றது அது. புண்ணின்மேல் இட்டால், நோயாளியின் சொந்த அணுக்கள் அதனுள் குடியேறித் தமக்கேற்பப் புதுப்பித்துக்கொள்கின்றன. எலி, முயல், நாய் ஆகியவற்றில் தீப்புண்ணும் நீரிழிவுப் புண்ணும் குறைந்த தழும்புடன் விரைவில் ஆறியதாகக் கண்டனர். கோலிடெர்ம் என்னும் பெயருடைய இதற்கு 2023-இல் மைய அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் அளித்தது. ஆசான் வைத்த மூங்கில் சிம்புக்கும் இந்தத் தகட்டுக்கும் நுட்பத்தில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உண்டு. செய்யும் உதவியோ ஒரே இனத்தது.

இரண்டாம் பணியாகிய, ஆறாததை ஆற்றுவதில் வெற்றிகள் இன்னும் சிலவே. எலும்பு மச்சையிலுள்ள மூல உயிரணுக்களை 1961-இல் கனடாவின் டில்லும் மெக்கல்லோவும் சோதனையால் நிறுவிக் காட்டினர். மச்சை மாற்று மருத்துவம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் தொடங்கிற்று. இரத்தப் புற்றுநோயாலும் தலசீமியாவாலும் வருந்துவோர் பலர் இதனால் நலம்பெற்றிருக்கின்றனர். அதே கல்லூரியினர், இரத்தம் உறையாக் கொடுநோயாகிய ஹீமோபீலியா உடைய ஐவரின் மூல உயிரணுக்களில் குறைந்திருந்த மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினர். பின்தொடர்ந்த காலத்தில் அவர்களுக்கு இரத்தக்கசிவு நின்றிருந்தமை 2024 டிசம்பரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஐவர் என்பது சிறு எண்ணிக்கையே. அதனை அடக்கத்துடன் எண்ணிச் சொன்னதே அம்முயற்சிக்குப் பெருமை.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கு இங்கு ஒரு சொல் உரிமையுடன் கூற விரும்புகிறோம். ஊரிலிருந்து தொலைபேசி வருகிறது: தந்தைக்குப் பக்கவாதம்; அல்லது மகனுக்கு விபத்தில் முதுகுத்தண்டு முறிவு. தொலைவில் இருப்பவன் மனம், உடன் இருக்கவில்லையே என்னும் குற்றவுணர்வினால், பணத்தையாவது அனுப்பி ஈடுசெய்யத் துடிக்கிறது. அந்த வேளையில்தான், மூல உயிரணு ஊசியால் எல்லாம் மீளும் என்று இலட்சக்கணக்கில் கேட்போர் எதிர்ப்படுகின்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிர்த்தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள், இரத்தம் சார்ந்த குறிப்பிட்ட நோய்களுக்கான மச்சை மாற்று நீங்கலாக, மூல உயிரணுச் சிகிச்சை எதுவும் முறையாக ஒப்புதல் பெற்ற ஆராய்ச்சியில் அன்றி அளிக்கப்படலாகாது என்று வரையறுத்தன. ஆகவே மூன்று வினாக்களைக் கேட்க வேண்டும். இந்த ஆராய்ச்சி இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியுள்ளதா? நெறிமுறைக் குழு இசைவளித்ததா? ஆராய்ச்சி என்று சொல்லிவிட்டு நோயாளியிடமே பணம் கேட்பது ஏன்? மறுமொழி தெளிவாக இல்லையெனில், அப்பணத்தை நல்ல இயன்முறை மருத்துவத்துக்கும், அருகிருந்து பேணுபவர் ஒருவருக்கும் செலவிடுதல் மேல்.

1956-க்குப் பின்னரும் குமரி மாவட்டத்து நோயாளிகள் பாறசாலை வழியாகத் திருவனந்தபுரம் சென்றுகொண்டே இருந்தனர். நெய்யாற்றின்கரையார் நெய்யூருக்கும் வந்தனர். ஆசானின் ஏட்டிலும், மிஷன் வைத்தியரின் கத்தியிலும், அரண்மனையில் அமைந்த ஆய்வுக்கூடத்திலும் இந்த மக்கள் பெற்ற உதவி ஒன்றே: முறிந்ததைத் தாங்கிப் பிடித்தல், தடுப்பதை நீக்குதல், வளர்வதற்கு இடம் கொடுத்தல். இவற்றுக்குமேல் எதையேனும் ஒருவர் வாக்களித்தால், அதற்குரிய சான்றைக் கேட்டுப் பெறும் உரிமை நமக்கு உண்டு.