பிறபொருளெதிரியும் புத்தளக் கரையும்: பரம்பரையாக வாராத ஒரு பாதுகாப்பின் வரலாறு

புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் ஒரே தன்மையுடையதன்று. கற்பிட்டியை உள்ளிட்ட வடபகுதி உலர் வலயத்தைச் சேர்ந்தது. தெற்கே செல்லச் செல்ல மழை மிகும். சிலாபத்தருகே தெதுறு ஓயாவும் மாவட்டத்தின் தென்னெல்லையில் மகா ஓயாவும் கடலை அடைகின்றன. 1934-35இல் இலங்கையை உலுக்கிய மலேரியாக் கொள்ளைநோய் இவ்விரு ஆறுகளின் வடிநிலங்களிற் பெருஞ்சேதம் விளைத்தது.

1934இல் மழை பொய்த்தது. வற்றிய ஆற்றுப் படுகைகளில் எஞ்சிய குட்டைகளில் நோய்பரப்பும் நுளம்பு பெருகியது. 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். இங்கு ஒரு முரண் நோக்கற்பாலது. மலேரியாவின் நிலையான உறைவிடமாகிய உலர் வலயம் ஒப்பீட்டளவிற் குறைவாகவே பாதிக்கப்பட்டது. நோய் அதிகம் பழகாத கேகாலை, குருநாகல் பகுதிகளே பேரழிவைக் கண்டன.

உலர் வலயத்தாரின் இத் தாங்குதிறனைப் பிறப்புவழி வந்த குணமெனக் கொள்ளலாமா? சில குருதி வேறுபாடுகள் மலேரியாவுக்குத் தடையாவது உண்மையே. எனினும், இம்முரணின் பிரதான காரணம் அதுவன்று. மீண்டும் மீண்டும் நோயுற்றுத் தேறியவரின் குருதியிலே பிறபொருளெதிரிகள் உருவாகியிருந்தன. வளர்ந்தோரின் குருதியிலிருந்து பிரித்த பிறபொருளெதிரிகளை நோயுற்ற குழந்தைகளுக்கு ஏற்றியபோது ஒட்டுண்ணிகள் குறைந்தன என்பதை 1961இல் காம்பியாவில் நிகழ்ந்த ஆய்வு காட்டியது.

எண்ணிறந்த பகைப் பொருள்களுக்கு ஏற்ற எண்ணிறந்த பிறபொருளெதிரிகளை மட்டுப்பட்ட பரம்பரையலகுகள் எவ்வாறு ஆக்குகின்றன? வெவ்வேறு பரம்பரையலகுகள் இணைந்தே ஒரு பிறபொருளெதிரிச் சங்கிலியை ஆக்குகின்றன என 1965இல் டிரையரும் பென்னெற்றும் கருதினர். 1976இல் பாசல் நகரிற் சுசுமு தொனெகாவாவும் ஹொசுமியும் இதனை மெய்ப்பித்தனர். எலி முளையத்தில் விலகிக் கிடந்த துண்டுகள், பிறபொருளெதிரி சுரக்கும் புற்றுக் கலங்களில் இடம்மாறியிருந்தன. தொனெகாவா 1987இல் நோபெல் பரிசு பெற்றார்.

என்பு மச்சையில் பி கலம் முதிர்கையில் இம் மாற்றம் படிமுறையாக நிகழ்கின்றது. பாரச் சங்கிலிக்கு முதலில் ஒரு டீ துண்டும் ஒரு ஜே துண்டும் இணையும். பின்னர் ஒரு வீ துண்டு அவற்றோடு சேரும். அடுத்து இலேசான சங்கிலியின் வீ, ஜே துண்டுகள் இணையும். வெட்டும் பணி ராக் 1, ராக் 2 என்னும் புரதங்களுடையது. பொருத்துமிடங்களில் எழுத்துகள் குறைந்தும் கூடியும் வேற்றுமையைப் பெருக்கும். பொருத்தம் பிழைத்த கலங்களிற் பல அழியும். தன்னுடலையே தாக்குவனவற்றிற் பல திருத்தப்படும் அல்லது நீக்கப்படும். எஞ்சியவற்றுள் ஒட்டுண்ணியோடு பொருந்துவன நோயின்போது பல்கி, அவற்றுட் சில நினைவுக் கலங்களாக நிலைக்கும்.

இவ்வொழுங்கமைப்பு பி கலத்தோடு நின்றுவிடுகின்றது. முட்டைக்கோ விந்துக்கோ அது செல்வதில்லை. தாயின் பிறபொருளெதிரிகள் சில மாதங்களே சிசுவைக் காக்கும். பின்னர் ஒவ்வொரு குழந்தையும் தொடக்கத்திலிருந்தே நோயோடு போராடவேண்டும். ஆகவே, உலர் வலயத்தாரின் நிர்ப்பீடனம் இயற்கையின் கொடையன்று. தலைமுறைதோறும் குழந்தைகளின் உயிரால் அளிக்கப்பட்ட விலையின் எச்சமே அது. அதனைப் பழக்கமெனக் கூறி அமைதல் அவ்விலையை மறைப்பதாகும். பட்டினியும் வைத்திய வசதியின்மையும் அவ்விலையை உயர்த்தின. 1934-35இல் நிவாரணப் பணியில் இறங்கிய சூரியமல் இயக்கத்தினர் இதனை நேரிற் கண்டனர். அவர்களுட் பலரே 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை அமைத்தனர்.

1946இல் டி.டி.ரி. தெளிப்பு விரிவடைந்தது. 1963இல் நாடெங்கும் 17 நோயாளரே பதிவாயினர். கண்காணிப்புத் தளர்ந்தமையும் சேர, அப்பத்தாண்டின் இறுதியில் நோய் இலட்சக்கணக்கானோரை மீண்டும் பற்றியது. உள்நாட்டிற் பரவிய இறுதி நோய் 2012இல் பதிவாயிற்று. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடெனச் சான்றுபடுத்தியது.

இவ்வெற்றியின் மறுபக்கமும் உண்டு. மலேரியா நிர்ப்பீடனம் தொடர்ந்த தொற்றின்றித் தேயும். நோயறியாத தலைமுறை வளர்ந்துவரும் புத்தளக் கரை, இவ்வகையில் 1934இன் கேகாலையை ஒத்தது. வேறொரு மலேரியா நுளம்பினம் 2016இல் அண்டை மாவட்டமான மன்னாரிற் கண்டறியப்பட்டது. என்பு மச்சை ஒவ்வொரு குழந்தைக்கும் ஆற்றலைத் தருகின்றது; அனுபவத்தைத் தருவதில்லை. அவ்வனுபவத்தை உயிர் கொடுத்துப் பெறாதிருக்க, இரத்தப் பரிசோதனையும் பொதுச் சுகாதாரமும் தளராதிருத்தல் வேண்டும்.