ஒரு நாள், மூன்று பெயர்கள்



ஜெர்மன் மொழி பயிலும் இளைஞர் ஒருவர், "சனிக்கிழமைக்கு அம்மொழியில் என்ன பெயர்?" என்று ஒருநாள் என்னை வினவினார். "எந்த ஊரில்?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் திகைத்தார். அத்திகைப்பைத் தீர்ப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

தெற்கே பவேரியாவில் அந்நாளைச் 'சாம்ஸ்டாக்' என்பர். யூதர்தம் ஓய்வுநாளாகிய 'சபத்' என்னும் எபிரேயச் சொல், கிரேக்கரிடம் 'சம்பாட்டோன்' எனத் திரிந்து, கிறிஸ்தவ சமயத்துடன் அங்கே வந்து சேர்ந்தது. வடமேற்கே, வெஸ்ட்பேலியாவின் நாட்டுவழக்கில் அது 'சாட்டர்டாக்'. ரோமானியர் வழிவந்த இப்பெயருக்குச் சாட்டர்ன் என்னும் சனிக்கோளின் நாள் என்பது பொருள். நம் சனிக்கிழமையும் அக்கோளின் நாளே அன்றோ!

வடக்கிலும் கிழக்கிலும் வழங்குவது 'சொன்னாபென்ட்'. ஞாயிற்றுக்கு முந்திய மாலை என்பது இதன் பொருள். திருநாளின் முன்மாலைக்கு இட்ட பெயர், நாளடைவில் அப்பகல் முழுவதற்கும் பரவிற்று. பழைய ஆங்கிலத்திலும் இத்தகைய சொல் உண்டு. ஆதலின், இங்கிலாந்திலிருந்து சென்ற சமயத் தொண்டர்களே இதனைப் பரப்பினர் என்று அறிஞர் கருதுவர். அவர்களுள் தலைசிறந்த போனிபாஸ், 754-ஆம் ஆண்டில் பிரீசியர் நாட்டு டாக்கும் என்னுமிடத்தில் கொலையுண்டார். அந்நாட்டு மேலைப் பிரீசிய மொழியிலோ, 'ஸ்னேயோன்' என்று தேய்ந்து நிற்கும் சொல்லுக்கும் ஞாயிற்றின் முன்மாலை என்பதே பொருள்.

ஆகவே ஒரு கிழமைப் பெயருக்குள் யூதர், ரோமானியர், ஆங்கிலேயர் ஆகிய மூவர் வரலாறும் அடங்கியிருத்தல் காண்கிறோம்.

இத்தகைய வட்டார வழக்குகளைத் தொகுக்க முற்பட்டவர் கியோர்க் வெங்கர். 1876-ஆம் ஆண்டில், தம் இருபத்து நான்காம் வயதில், அவர் ரைன் நாட்டுப் பள்ளியாசிரியர்களுக்குச் சில எளிய வாக்கியங்களை அனுப்பி, அவற்றை அவ்வவ்வூர்ப் பேச்சில் எழுதித் தருமாறு வேண்டினார். பின்னர் நாற்பது வாக்கியங்களாக அமைந்த அவ்வினாத்தாளுக்கு 40,000-க்கு மேற்பட்ட ஊர்களிலிருந்து விடைகள் வந்தன. ஆசிரியர்க்குத் துணைநின்று சொல் உரைத்தவர் பலர் உங்களைப் போன்ற மாணவரே!

அப்பணி காலத்தில் செய்யப்பட்டது நன்று. இன்று சொன்னாபென்ட், சாம்ஸ்டாக்கின் முன் பின்வாங்கி வருகிறது. ஜெர்மனியின் சாட்டர்லாந்துப் பிரீசிய மொழியைப் பேசுவோர் ஏறத்தாழ இரண்டாயிரவரே. நூலில் ஏறாத சொல், அதனைப் பேசிய கடைசி முதியவருடன் மறைந்துவிடும். அதனுள் உறைந்த வரலாறும் உடன் மறையும். உங்கள் பாட்டியார் வழங்கும் சொல்லொன்று அகராதியில் இல்லையெனின் நகையாதீர்கள், குறித்து வையுங்கள்.